மேலே கிடந்த பொட்டி

போன வருஷம் ஆடிக் கடைசியில் எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் காபூல் திரைப்படக் காப்பகத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படம் போட்டோம். ஃபிலிம் சொசைட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹால், சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டர், மாதத்தில் ஒரு ஞாயிறு. அன்றைக்கு வந்தது 22 பேர். அதில் நாலைந்து பேர் கடைசியில் கிடைக்கும் டீக்கும் பருப்பு வடைக்கும் வருகிறவர்கள், அவர்களை நான் குறையாக நினைப்பதில்லை. படம் முடிந்ததும் வழக்கம்போல எழுந்து பேசினேன். தாலிபான் காபூலுக்குள் வந்த 1996இல் ‘ஆப்கன் ஃபிலிம்’ அரசு நிறுவனத்தின் ஊழியர்கள் எப்படிப் பொய்ச்சுவர் எழுப்பிச் சுருள்களை ஒளித்தார்கள், அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஐந்து வருஷம் அந்த ரகசியம் எப்படி வெளியே கசியாமல் இருந்தது என்றெல்லாம் சொன்னேன். தாலிபான் ஆட்கள் சில சுருள் பொட்டிகளை எரித்ததும் படத்தில் வந்திருந்தது, அதை நான் தொடவில்லை. கொஞ்சம் தொண்டை அடைத்தது என்றுகூடச் சொல்லலாம். எல்லாரும் கை தட்டினார்கள்.

கடைசி பெஞ்சில் அண்ணாச்சி கையைத் தூக்கினார். நாற்பது வருஷம் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டிய ஆபரேட்டர். கார்பன் குச்சியைக் கிட்டக் கிட்ட நகர்த்தி வெளிச்சம் உண்டாக்கிய காலத்து ஆள். அவர் வேலை பார்த்த தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், ஆனால் பேசமாட்டார்.

“எல்லாஞ் சரி தம்பி. ஒளிச்சு வச்சதப் பத்திச் சொன்னீக. எரிச்ச பொட்டில என்ன படம் கெடந்துச்சு?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “அது அவ்வளவு முக்கியமில்லையே அண்ணாச்சி, காப்பாத்தினதுதானே விஷயம்” என்றேன். அவர் “ம்” என்றார். டீ குடிக்காமல் கீழே இறங்கிப் போய்விட்டார். பருப்பு வடையை வேண்டாமென்று போகிற மனிதர் இல்லை அவர். அன்றைக்கு ராத்திரி வேட்டியை மடித்து வைக்கும்போதே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது.

சுவருக்குப் பின்னால்

காபூல் கதையை நம்மில் பலரும் ஒரே ஒரு சுவரின் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். நான் பேசியதும் அப்படித்தான். கூட்டம் முடிந்தபிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் அது ஒரு சுவரின் வேலை இல்லை என்று புரிந்தது. பல வருஷம் அங்கே வேலை பார்த்த ஹபீபுல்லா அலி 2017இல் ஒரு செய்தி நிறுவனத்திடம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். செங்கல் சுவர் வைத்து மறைத்த அறைகள், பொய்க்கூரைக்கு மேலே இருந்த இடம், மண்ணுக்குள் புதைத்த பீப்பாய்கள் என்று பல இடங்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு இடம் அகப்பட்டாலும் மற்றது தப்பட்டும் என்ற கணக்கு. இன்னொரு வழியும் கையாண்டதாகச் சொல்லப்படுகிறது: ஆப்கன் படச் சுருள்களை அடியில் போட்டு, மேலே இந்திப் படங்களையும் மேற்கத்தியப் படங்களையும் குவித்துவிட்டார்கள். மூட்டைக்குள் நகையைப் போட்டு மேலே அரிசியைக் கொட்டுவதுபோல. இப்படித் தப்பிய படங்கள் ஏறக்குறைய 7,000.

தாலிபான் ஆட்கள் வந்தார்கள், சில சுருள்களை எரித்தார்கள். எதை எரித்திருப்பார்கள்? மேலே கிடப்பதுதானே முதலில் கைக்கு வரும். ஆக, அண்ணாச்சி கேட்டதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது. தீயில் போனதில் நம் பக்கத்துப் படங்களும் இருந்திருக்கின்றன. அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. ஆவணப்படத்தில் தீ எரிகிற காட்சி வந்தபோது, எரிவது ‘சினிமா’ என்று பொதுவாக நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்கு அது பொட்டி. பொட்டியின் மேல் படத்தின் பேர் எழுதியிருக்கும்.

ஒளித்து வைத்தவற்றுள் என்ன இருந்தது என்பதும் அவ்வளவு எளிய கதை இல்லை. மன்னர் காலத்துச் செய்திப் படங்கள் இருந்தன, 70களின் கதைப்படங்கள் இருந்தன. 1978க்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசு பணம் போட்டு எடுத்த பிரசாரமும் இருந்தது. அந்த அரசின் தலைவர்களில் ஒருவரான ஹஃபீசுல்லா அமீனின் ஆணையில், அவர்களை ஆட்சிக்குக் கொண்டுவந்த 1978 ஏப்ரல் புரட்சியைப் பற்றி ஒரு படம் தொடங்கினார்கள். 1979 டிசம்பரில் அவரே கொல்லப்பட்டதும் பாதியில் நின்றுபோனது. அந்தச் சுருளும் காப்பகத்தில்தான் கிடந்தது. அமீன் ஆட்சியில் காணாமல் போனவர்களின் குடும்பத்தில் ஒருவர் அந்தக் காப்பகத்தில் வேலை பார்த்திருந்தால், அந்தப் பொட்டியையும் தூக்கிக்கொண்டுபோய்த்தான் ஒளித்திருக்க வேண்டும். ஒரு கொடுங்கோலன் எடுக்கச் சொன்னதை இன்னொரு கொடுங்கோலனிடமிருந்து காப்பாற்றுகிற வேலை. ‘நல்ல படத்தைக் காப்பாற்றினார்கள்’ என்று நான் மேடையில் சொன்னது சும்மா பேச்சு. அவர்கள் நல்லது கெட்டது பார்க்கவில்லை. தங்கள் ஊரில் எடுத்ததா, வேறு எங்கும் இல்லாததா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

(இதே காலத்தில் காபூல் தேசிய ஓவியக் கூடத்தில் முகம்மது யூசுஃப் ஆசிஃபி என்ற மருத்துவர் ஒருவர் எண்ணெய் ஓவியங்களில் இருந்த மனிதர்களையும் விலங்குகளையும் நீர்வண்ணத்தால் மூடிக்கொண்டிருந்தார். உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்பது சட்டம். தாலிபான் போனபின் ஈரப் பஞ்சால் துடைத்தார். ஆட்களும் குதிரைகளும் திரும்பி வந்தார்கள். அந்த ஊரில் ஒளிப்பது என்பதே தனிக் கலையாக இருந்திருக்கிறது.)

அண்ணாச்சி வீட்டுத் திண்ணை

இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். “எரிஞ்சதுல இந்திப் படமும் உண்டு அண்ணாச்சி. நம்ம ஆளுக படத்த மேல போட்டுத்தான் அவுக படத்தக் காப்பாத்தியிருக்காக” என்றேன். எனக்குள் ஒரு சின்ன வருத்தம் இருந்தது, அவருக்கும் இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் சிரித்துவிட்டார். “நல்ல வேல செஞ்சிருக்கானுக.”

அப்புறம் எனக்குப் பாடம் எடுத்தார். அவர்களிடம் இருந்த இந்திப் படம் பாசிட்டிவ் பிரிண்ட், தியேட்டரில் ஓட்டுகிற நகல். பம்பாயில் நெகட்டிவ், அதாவது பிரிண்ட் போடுகிற மூலச் சுருள், இருக்கும்வரை நூறு பிரிண்ட் எரிந்தாலும் படம் சாகாது. ஓடித் தேய்ந்து, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்து, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுப் பாதி சீன் காணாமல் போன பிரிண்ட் நம் ஊரில் மட்டும் எத்தனை அழிந்திருக்கும். ஓட்டம் முடிந்த பிரிண்டை எடைக்குப் போட்டு, ஆசிட்டில் முக்கி வெள்ளி எடுப்பார்கள். அதை எடைக்குப் போடுகிறவனைக் கொடுங்கோலன் என்று யாரும் சொல்வதில்லை. காபூல்காரன் எடுத்த படத்துக்கு நெகட்டிவ் காபூலில் மட்டும்தான். அது போனால் போனதுதான்.

“இத அந்தத் தாடிக்காரனுக்குத் தெரியல பாருங்க. பாசிட்டிவ் எது நெகட்டிவ் எதுன்னு தெரியாதவன் எத்தன பொட்டிய எரிச்சாலும் தோத்துதான் போவான். நம்மூர்ல எரிச்சவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்லா?”

அவர் நெருக்கடி நிலைக் காலத்தைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அம்ரித் நஹாட்டா எடுத்த ‘கிஸ்ஸா குர்சி கா’. நாற்காலி அரசியலைக் கிண்டல் செய்த படம். அரசு அதைப் பறிமுதல் செய்தது. பிரிண்ட்களோடு நெகட்டிவும் எரிக்கப்பட்டது என்பதுதான் பின்னால் வந்த வழக்கு. குர்காவ்ன் மாருதி தொழிற்சாலை வளாகத்தில் எரித்ததாகச் சொல்லப்பட்டது. சஞ்சய் காந்திக்கும் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வி. சி. சுக்லாவுக்கும் 1979இல் தண்டனை கிடைத்து, 1980இல் உச்ச நீதிமன்றத்தில் விடுதலை ஆனது. யார் எரித்தார்கள் என்ற கேள்வி அங்கே முடிந்துபோனது. நஹாட்டா முழுப் படத்தையும் மறுபடி எடுத்து 1978இல் வெளியிட்டார். ஆனால் முதலில் எடுத்த அந்தப் படத்தை இனி யாரும் பார்க்க முடியாது.

கீரைக் காம்புகளை ஒதுக்கிக்கொண்டே இதைச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். சினிமாவை ஒழிக்க நினைக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. சினிமாவே பாவம் என்கிறவன் கையில் கிடைத்ததை எரித்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைத்துப் போய்விடுவான், அவனை ஏமாற்றலாம். சினிமா எப்படி உண்டாகிறது என்று தெரிந்தவன் நெகட்டிவ் இருக்கிற லேபுக்கு ஆள் அனுப்புவான். காபூல் ஊழியர்களின் துணிச்சலைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசினேன். அவர்கள் பிழைத்ததற்குத் துணிச்சலோடு தொழிலறிவும் ஒரு காரணம். எதைப் பறிகொடுக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல ஓர் ஆபரேட்டர் தேவைப்பட்டார்.

ஆனாலும் அது யாருடைய படம்?

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். அண்ணாச்சி சொன்னது சரி, எனக்கும் விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று ஒத்துப்போகவே இல்லை.

காபூலின் சாதாரண ஜனம் எந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தது? அரியானா, பார்க், பாமிர், பக்தார் என்று திரையரங்குகளின் பேர்களைச் சொல்கிற வயதானவர்கள் கூடவே சொல்வது இந்திப் படங்களைத்தான். சொந்த ஊர்ப் படங்கள் குறைவு, அதிலும் பல பாதியில் நின்றவை, பல அரசாங்கத் தேவைக்காக எடுத்தவை. ஆக, காப்பகத்துக்காரர்கள் ‘எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்’ என்று மேலே போட்ட பொட்டிகள்தான் அந்த ஊர் ஆசையோடு பார்த்த படங்கள். தேசத்தின் சினிமா சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது, ஜனங்களின் சினிமா முற்றத்தில் எரிந்தது என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியுமா?

கொஞ்ச நாள் இதை வைத்தே மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டை ஓய்ந்தது காப்பகத்தைப் பற்றிப் படித்தபோது இல்லை, சந்தையைப் பற்றிப் படித்தபோது. 1998 ஜூலையில் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ பிளேயரையும் 15 நாளுக்குள் ஒழித்துவிட வேண்டும் என்று தாலிபான் ஆணை போட்டது. சோதனைச் சாவடிகளில் கேசட்டுகளைப் பிடுங்கி, நாடாவை உருவிக் கம்பங்களில் தோரணமாகத் தொங்கவிட்டார்கள். ஜனங்கள் டிவிப் பெட்டியைத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். ஆனாலும் பாகிஸ்தான் பக்கமிருந்து கேசட் வந்துகொண்டே இருந்தது. கதவைச் சாத்தி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ‘டைட்டானிக்’ படம் அப்படித்தான் காபூலுக்குள் வந்தது. வறண்டு கிடந்த காபூல் ஆற்றுப் படுகையில் கடை போட்டவர்களின் சந்தைக்கே ‘டைட்டானிக் பஜார்’ என்று பேர் வந்துவிட்டது. தண்ணீரே இல்லாத ஆற்றுக்கு மூழ்கிய கப்பலின் பேர். நக்கல் பிடித்த ஊர்தான். 2001 ஜனவரியில் அந்தப் படத்து நாயகன் மாதிரி முடி வெட்டிவிட்டதற்காக முடிதிருத்துகிறவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். படமே ஓடாத நாட்டில் சினிமாக் கிராப்புக்குச் சிறை. யாரும் பார்க்கவில்லை என்றால் அந்தக் கிராப் எங்கிருந்து வந்தது?

சுவருக்குப் பின்னால் ஐந்து வருஷம் சுருள் இருந்தது, பார்க்க ஆள் இல்லை. சந்தையில் ஆள் இருந்தார்கள், சுருள் இல்லை. பத்துத் தடவை நகல் எடுத்து நிறம் வெளுத்த கேசட்தான் இருந்தது. இரண்டில் எதைச் சினிமாவைக் காப்பாற்றியது என்று சொல்வேன்? இரண்டு கூட்டத்துக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. முடி வெட்டியவருக்குப் பொய்ச்சுவரைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் 2001 நவம்பர் 19 அன்று காபூலில் பக்தார் தியேட்டர் திறந்தபோது வாசலில் அடிதடிக் கூட்டம். அன்றைக்குப் போட்டது ‘உருஜ்’ என்ற ஆப்கன் படம். வீட்டுக்குள் ஒளிந்து பார்த்த பழக்கம் ஐந்து வருஷம் சாகாமல் இருந்ததால்தான் அந்தக் கூட்டம் வாசலுக்கு வந்தது என்று நான் நினைக்கிறேன். (கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. தாலிபான் போனதும் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.)

இடிக்கிறவர்கள்

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரிக்க மனமில்லை. தாலிபானுக்கு முன்பு ஆப்கன் ஃபிலிம் தலைவராக இருந்த சித்திக் பர்மாக் 2002இல் திரும்பி வந்தார், 2003இல் ‘ஒசாமா’ எடுத்தார், அது கோல்டன் குளோப் விருது வாங்கியது. பிரெஞ்சு சினிமாக்காரர்கள் பணம் திரட்டி அரியானா தியேட்டரைச் சீர்செய்து 2004இல் திறந்தார்கள். ஒளித்த படங்களைத் துடைத்து டிஜிட்டலாக்கும் வேலை ஆரம்பித்தது. 2019இல் முதன்முறையாக ஒரு பெண், சஹ்ரா கரீமி, நிறுவனத் தலைவரானார்.

2020 நவம்பரில் காபூலின் பார்க் சினிமாவை இடித்தார்கள். இடித்தது தாலிபான் இல்லை. தேர்தலில் வந்த அரசு. அப்போது துணை அதிபராக இருந்தவரின் உத்தரவு. சஹ்ரா கரீமி கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவரை வெளியேற்றிவிட்டு இயந்திரத்தை விட்டார்கள். கட்டடம் பழசு, ஆபத்து, அந்த இடத்தில் வேறு நல்லது வரும் என்பது காரணம். இந்தக் காரணத்தைப் படித்ததும் எனக்கு அண்ணாச்சியின் தியேட்டர்தான் ஞாபகம் வந்தது. அதே காரணத்தைத்தான் எங்களிடமும் சொன்னார்கள்.

2021 ஆகஸ்ட் 15, தாலிபான் மறுபடியும் காபூலைப் பிடித்த நாள். சஹ்ரா கரீமி மூச்சு வாங்கத் தெருவில் ஓடுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பணம் எடுக்க வங்கிக்குப் போன இடத்தில் செய்தி வந்து ஓடுகிறார். நாட்டை விட்டே போய்விட்டார். தியேட்டர்கள் மூடின. 2025இல் ஆப்கன் ஃபிலிம் நிறுவனத்தையே கலைத்தார்கள். அந்த வருஷ டிசம்பரில் அரியானாவை இடிக்க ஆரம்பித்தார்கள். வணிக வளாகம் வருகிறதாம்.

இந்த முறை பொட்டியைத் தேடி யாரும் வரவில்லை. தீ இல்லை, கம்பத்தில் தோரணம் இல்லை. நிறுவனம் ஒரு காகிதத்தில் காலி, கட்டடம் நகராட்சி வேலையில் காலி. பாசிட்டிவ் நெகட்டிவ் வித்தியாசம் இவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று முதலில் பயந்தேன். தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பார்க்கிற இடத்தை எடுத்துவிட்டால் போதும்.

இதையெல்லாம் போன மாதம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அரியானா இடிகிற படத்தைப் போனில் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார். ஆபரேட்டர் ரூம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று தேடுகிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், “இந்தா, மேல” என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அந்த மேல கெடந்த படத்துல ஒண்ணு போடுங்களேன்” என்றார்.

எது எரிந்தது என்று சரியாக யார் சொல்வது. யோசித்து ‘குதா கவா’ என்று முடிவு செய்திருக்கிறோம். 1992இல் வந்த அமிதாப் படம். அப்போது அதிபராக இருந்த நஜிபுல்லாவின் அரசு கொடுத்த பாதுகாப்போடு, உள்நாட்டுப் போருக்கு நடுவே ஆப்கானிஸ்தானில் போய் எடுத்தார்கள். படம் வெளிவருவதற்குள் அந்த அரசு கவிழ்ந்துவிட்டது. நான்கு வருஷம் கழித்துத் தாலிபான் காபூலுக்குள் நுழைந்த அன்றே நஜிபுல்லாவைக் கொன்று விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதனால் நடுவில் இடைவேளை விட்டு வடையை அப்போதே கொடுத்துவிடலாம் என்று பேச்சு. இந்தி தெரியாதவர்களுக்கு அண்ணாச்சி கதை சொல்கிறேன் என்கிறார். அவருக்கும் இந்தி தெரியாது. ஹார்ட் டிஸ்க்கில் படம் ரெடி. தலைமையாசிரியர் வெளியூர் போயிருக்கிறார், அவர் வந்ததும் ஹால் சாவி வாங்க வேண்டும்.